பத்து முப்பத்தைந்துக்குப் படத்தைப் போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முப்பத்தைந்து. 'ஹை நூன்' என்ற பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படத்தை வீட்டில் நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், படம் ஓடத் தொடங்க வேண்டிய நேரம் இதுதான். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தீர்களோ, கெட்டது காரியம். நான் அப்படி வைத்துக் கெடுத்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1952இல் வந்த படம், நீளம் 85 நிமிடம். கதை நடப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமார் பத்து முப்பத்தைந்துக்குத் தொடங்கி. நியூ மெக்சிகோ பக்கம் ஹாட்லிவில் என்று ஒரு கற்பனை ஊர். ஊர்க் காவலரான மார்ஷல் வில் கேன் அப்போதுதான் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் முடித்து, வேலையையும் விட்டுவிட்டு, புது மனைவியோடு வண்டி ஏறப் போகிறார். அந்த நேரம் பார்த்துத் தந்தி வருகிறது. ஐந்து வருடம் முன்னால் அவர் பிடித்து உள்ளே தள்ளிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகிவிட்டான். பன்னிரண்டு மணி ரயிலில் வந்து இறங்குகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தாயிற்று. மிச்சமிருக்கும் நேரத்தில் மார்ஷல் வீடு வீடாகப் படியேறித் துணைக்கு ஆள் கேட்கிறார். ஒருத்தரும் வரவில்லை.

கதையை உடைத்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். படம் தொடங்கும்போது வருகிற பாட்டிலேயே பாதிக் கதையை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பத்து முப்பத்தைந்துக்குப் போட்டால், உங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகும்போது படம் முடியும். திரைக்குள் பன்னிரண்டு மணி அதற்கு முன்பே வந்துவிடும், ஏனென்றால் துப்பாக்கிச் சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான். படத்துக் கடிகாரம் நம்முடையதைவிடக் கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரம் எல்லோரும் இரண்டு கடிகாரத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு சுவரைப் பார்ப்பதை மறந்துவிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்றால் உங்கள் ஏற்பாடு பலித்துவிட்டது.

நான் ரயில்வேக்காரன். 1978இல் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்து 2016இல் ஓய்வு பெற்றேன். 'வண்டி ரைட் டைமா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே முப்பத்தெட்டு வருடம் போயிற்று. இந்தப் படத்தின் ஆரம்பத்தில் அந்த மூன்று பேரில் ஒருவன் ஸ்டேஷன்காரரிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறான். 'சரியான நேரத்துக்கு வரும் ஐயா, எனக்குத் தெரிந்தவரை' என்கிற மாதிரி அந்த ஆள் மென்று விழுங்குகிறார். அந்த விழுங்கலில்தான் நான் இந்தப் படத்திடம் மாட்டிக்கொண்டேன். வண்டி லேட்டாக வந்துவிடாதா என்று வேண்டிக்கொள்ளும் ஸ்டேஷன் மாஸ்டரை வேறெந்தப் படத்தில் பார்க்க முடியும்?

நான் கெடுத்த கதை

எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, இருபது பேருக்கு மேல். புரொஜெக்டர் வாடகைக்கு. கடைக்காரர் கொடுத்த விளக்கு ஏற்கெனவே மங்கலாகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம் சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தது. பாதியில் நிறுத்தி வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தேன். நம் ஊரில் இடைவேளை இல்லாமல் படமா என்ற பழக்கம். பஜ்ஜியோடு பேச்சு ஆரம்பித்து, பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய், திரும்பி வரும்போது யாருக்கும் மணி பன்னிரண்டு ஆகப்போகிற பதைப்பு இல்லை. மூன்றாம் மாடித் தம்பி ஒருவர், சின்ன வயதில் டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர், ஆசையாக வந்திருந்தார். ஐம்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "சுடவே மாட்டாங்களா சார்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை. கௌபாய் படம் என்று சொல்லித்தான் நான் கூப்பிட்டிருந்தேன்.

அதனால் முதல் பாடம், கூப்பிடும்போதே 'கௌபாய் படம்' என்று சொல்லாதீர்கள். 'ஒரு ஆள் உதவி கேட்டுப் போகிற படம்' என்று சொல்லுங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஏன் எட்டு என்பது பின்னால் வருகிறது. இடைவேளை கிடையாது. சாப்பாட்டை பன்னிரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மோர் வேண்டுமானால் முன்பே டம்ளரில் ஊற்றி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுங்கள்.

டிவியும் கடிகாரமும்

புரொஜெக்டர் தேவையில்லை. நாற்பத்து மூன்று அங்குல டிவி எட்டுப் பேருக்குப் போதும். ஆனால் டிவியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

படம் ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். யாராவது ரிமோட்டை எடுத்து முழுத் திரைக்கும் இழுத்துவிடுவார்கள். இழுத்தால் மார்ஷலாக வரும் கேரி கூப்பர் குட்டையும் பருமனும் ஆகிவிடுவார். அந்த மனிதரின் ஒட்டிய கன்னம்தான் பாதி நடிப்பு. படமெடுத்தபோது அவருக்கு வயது ஐம்பது, வயிற்றில் புண், முதுகில் வலி. முகத்துக்கு மேக்கப் வேண்டாம், கோடுகள் அப்படியே தெரியட்டும் என்று இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் விட்டுவிட்டார். மனைவியாக வருகிற கிரேஸ் கெல்லிக்கு அப்போது 21. 'அப்பா பொண்ணு மாதிரி இல்ல இருக்காங்க' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். சொல்லட்டும், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டிவியில் 'விவிட்' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' ஆக மாற்றுங்கள். வானம் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். உங்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி வேண்டுமென்றே அப்படி எடுத்தார். மற்ற வெஸ்டர்ன், அதாவது கௌபாய், படங்களில் வானத்துக்கு ஃபில்டர் போட்டு மேகத்தைப் புஸுபுஸுவென்று காட்டுவார்கள். இவரும் ஜின்னமனும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மேத்யூ பிரேடியின் புகைப்படங்களைப் போல, பழைய செய்திப்படம் போல இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வெள்ளை வானத்துக்குக் கீழே கறுப்பு உடுப்புக் கூப்பர் நடக்கும்போது நமக்கே வெயில் உறைக்கும்.

மூன்றாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று புது டிவிகளில் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் கடிகாரம். டிவிக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டுங்கள். டிக் டிக் என்று சத்தம் போடுகிற கடிகாரம் கிடைத்தால் நல்லது. என் மாமனார் கொடுத்த பெண்டுலக் கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தூக்கம் கெடுகிறது என்று என் மனைவி பல வருடமாக நிறுத்தியே வைத்திருந்தாள். இந்தப் படத்துக்காக மட்டும் சாவி கொடுக்க அனுமதி.

முன்னுரை ஐந்து நிமிடம்

பத்து இருபதுக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும். பத்தரைக்குள் நீங்கள் பேசி முடித்துவிட வேண்டும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

மார்ஷல் என்றால் அந்த ஊர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற காவல்காரர். போலீஸ் ஸ்டேஷன், வயர்லெஸ், மாவட்டத்திலிருந்து படை, எதுவும் கிடையாது. ஆபத்து வந்தால் ஊர்க்காரர்களையே தற்காலிகத் துணைக் காவலர்களாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்து, சட்டையில் நட்சத்திரம் குத்திவிட்டுக் கூட்டிப் போக வேண்டியதுதான். ஆக, கேன் வாசல் வாசலாகப் போவது பிச்சை இல்லை. அந்த ஊர்ச் சட்டமே அப்படித்தான் நடக்கும். இது புரியாவிட்டால் 'இவன் ஏன் கெஞ்சுகிறான்' என்று தோன்றும். புது மார்ஷல் மறுநாள்தான் வருகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊருக்குக் காவலே இல்லாத ஒரு நாள் அது.

குவேக்கர் என்றால் ஆயுதம் தொடுவதே பாவம் என்று நம்புகிற கிறிஸ்தவப் பிரிவு. மணப்பெண் ஏமி அந்தப் பிரிவு. ஏன் சேர்ந்தாள் என்பதை நடுவில் அவளே சொல்வாள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

ஸ்பானிஷ் மொழியில் ஒரே ஒரு இடம். கேனும், ஒரு காலத்தில் அவர் பழகிய ஹெலன் ரமிரெஸும் ஓட்டல் அறையில் சந்திக்கும்போது அவள் ஏதோ சொல்ல, அவர் ஏதோ பதில் சொல்வார். சப்டைட்டிலில் அது வந்தாலும் வரும், வராமலும் போகும். 'ஒரு வருடமாயிற்று உன்னைப் பார்த்து' என்கிறாள். 'ஆமாம், தெரியும்' என்கிறார். இரண்டே வாக்கியம். ஆனால் அதற்குள் ஒரு தனிப் படமே இருக்கிறது.

இவ்வளவு போதும். எடுத்தவர்களின் வரலாறு, அரசியல், விருது எதுவும் இப்போது வேண்டாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டாவது தடவை அரைமணி நேரம் பேசிவிட்டேன். என் தங்கை மாப்பிள்ளை, "மச்சான், படத்த நீங்களே சொல்லி முடிச்சிருங்க, நாங்க சாப்பிட்டுக் கிளம்புறோம்" என்றார்.

சீட்டு போடுங்கள்

இதுதான் நான் கண்டுபிடித்ததிலேயே உருப்படியான விஷயம். சிறு சிறு சீட்டுகளில் ஒவ்வொரு ஊர்க்காரர் பெயராக எழுதி மடித்து, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள். யார் பெயர் வருகிறதோ அவரை மட்டும் படம் முழுக்கக் கவனிக்க வேண்டும். படம் முடிந்ததும் அவருக்கு வக்கீலாக நின்று வாதாட வேண்டும். ஊர்க்காரர்களில் எட்டுப் பேரைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் விருந்தாளிகளும் எட்டு.

துணை மார்ஷல் ஹார்வி பெல். அடுத்த மார்ஷலாகத் தனக்குச் சிபாரிசு செய்யவில்லை என்ற கோபம். பேட்ஜைக் கழற்றி வைத்துவிடுவான். நீதிபதி. மில்லருக்குத் தீர்ப்பு எழுதியவர். தேசியக் கொடியையும் தராசையும் மடித்து மூட்டை கட்டிக்கொண்டு, கிரேக்க வரலாற்றில் இருந்து ஒரு உதாரணமும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிடுவார். இவர் சீட்டு வருகிறவருக்கு வாதாடக் கஷ்டமே இல்லை. இவர் ஒருவர்தான் பொய் சொல்லாமல் ஓடுகிறார்.

ஓட்டல் குமாஸ்தா. மில்லர் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக இருந்தது என்கிறவன். சாம் ஃபுல்லர். வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, 'அவர் கோவிலுக்குப் போயிருக்கார்' என்று மனைவியைச் சொல்லவைக்கிறவன். வாசலில் நின்று அந்த அம்மா சொல்லும் பொய்யும், கேன் அதை நம்பாமல் நம்பியது போலத் திரும்பிப் போவதும் ஒரு நிமிடம்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இரண்டு பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். கடன்காரன் வந்தால் 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ஹெர்ப் பேக்கர் சீட்டுதான் தங்கச் சீட்டு. காலையில் முதல் ஆளாக வந்து, நானிருக்கிறேன் மார்ஷல் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவன். பன்னிரண்டு மணி நெருங்கும்போது திரும்பி வருகிறான். மற்றவர்கள் எங்கே என்று கேட்கிறான். வேறு யாரும் இல்லை, நீயும் நானும்தான் என்று கேன் சொன்னதும் அவன் முகம் மாறுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இழுக்கிறான். கேன் திட்டுவதில்லை. பிள்ளைகளிடம் போ ஹெர்ப் என்று அனுப்பிவிடுகிறார். வரமாட்டேன் என்றவர்கள் மேல் நமக்குக் கோபம்தான் வருகிறது. வருகிறேன் என்று சொல்லி வந்து பார்த்துப் பின்வாங்குகிறவன் மேல் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. தெருவிளக்குக்கு மனு கொடுக்கப் பத்துப் பேர் வருவதாகச் சொல்லி, காலையில் அலுவலக வாசலில் நான் மட்டும் நின்ற நாள் எனக்கு உண்டு.

மேயர் ஹெண்டர்சன், முன்னாள் மார்ஷல் மார்ட்டின் ஹோவ், ஹெலன், இவர்கள் மூவரும் மீதி. ஏமிக்குச் சீட்டு வேண்டாம். அவளை எல்லோரும்தான் பார்ப்பார்கள்.

எங்கே கண்ணை வைப்பது

படம் ஓடும்போது நிறுத்தக் கூடாது, பேசக் கூடாது. ஆனால் கூட்டி உட்காரவைத்தவர் என்ற முறையில் நீங்கள் முன்பே ஒரு தடவை தனியாகப் பார்த்துவிடுங்கள். அப்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: தண்டவாளம், கடிகாரம், கேனின் நடை.

தண்டவாளத்தைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்திருப்பார்கள். நேராகப் போய் வானத்தில் முட்டும். ஒரு அசைவு இருக்காது. திரும்பத் திரும்ப அதே காட்சி. வண்டி வராத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்; பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்கு அது சும்மா இருக்கும் இரும்பு இல்லை. கடைசியில் தூரத்தில் புகை தெரியும். அந்தக் காட்சிக்கு ஜின்னமனும் கேமராக்காரரும் தண்டவாளத்திலேயே இருந்து எடுத்தார்கள். எஞ்சின் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு வந்தது, பிறகு கரும்புகை. அழகாக இருக்கிறதே என்று இவர்கள் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் காட்டிய அடையாளம் அது. கடைசி நொடியில் ஆட்கள் தப்பித்தார்கள், கேமரா நொறுங்கியது, உள்ளே இருந்த ஃபிலிம் பிழைத்தது. என்னைக் கேட்டிருந்தால், லைனில் ஆள் உட்காருவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கினாயா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். கலிபோர்னியாவின் சியரா ரயில்வேயில் எடுத்த காட்சிகள் அவை. 1891இல் செய்த அந்த மூன்றாம் எண் எஞ்சின் இன்றும் ஜேம்ஸ்டவுனில் பத்திரமாக இருக்கிறது.

கடிகாரங்கள் முதலில் சுவரில் எங்கோ சின்னதாகத் தெரியும். நேரம் நெருங்க நெருங்கப் பெரிதாகிக்கொண்டே வரும். பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் பேச்சே இல்லாத ஒரு தொகுப்பு இருக்கிறது. பெண்டுலம், மார்ஷல் உயில் எழுதும் கை, கோவிலில் உட்கார்ந்திருப்பவர்கள், சாராயக்கடையில் இருப்பவர்கள், தண்டவாளம், அப்புறம் ஒரு வெற்று நாற்காலி. தண்டனை கேட்டபோது மில்லர் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. திரும்பி வந்து கொல்வேன் என்று சத்தியம் செய்ததும் அதில் இருந்துதான். டிமிட்ரி தியோம்கினின் இசைத் தாளத்துக்கு வெட்டி வெட்டி ஒட்டியிருப்பார்கள். நாம் படம் முழுக்கச் சந்தித்த ஒவ்வொரு முகமும் ஒரு முறை வரும். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் தன் சீட்டுக்காரர் முகம் வரும்போது சற்றே அசைவார்கள். பிறகு ரயில் ஊதும். அந்த ஊதலுக்கு யாரும் பேசாமலிருந்தால், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நீங்கள் சம்பாதித்த சாப்பாடு.

கேனின் நடையைப் பற்றிச் சொன்னேன். ஊர் நடுவில் அவர் தனியாக நிற்க, கேமரா முகத்திலிருந்து விலகி மேலே மேலே ஏறும் ஒரு காட்சி வரும். மூடிய கதவுகள், வெறும் தெரு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பார். பயப்படுகிற கதாநாயகன். அன்றைய வெஸ்டர்ன் ரசிகர்கள் சிலருக்கு இதுதான் பொறுக்கவில்லை.

கோவில் காட்சி பற்றி ஒரு வார்த்தை. தேவாலயத்துக்குள் பெரியவர்கள் வாக்குவாதம் செய்யப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். முதலில் சிலர் எழுந்து வரத் தயாராவார்கள். உடனே ஒருவர், பொறு, பேசி முடிவெடுப்போம் என்பார். பேச ஆரம்பித்தார்களோ இல்லையோ, காரியம் முடிந்தது. மேயர் எழுந்து கேனைப் புகழோ புகழென்று புகழ்வார். நம் பக்கம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வடக்கே இருந்து பணக்காரர்கள் முதலீடு செய்ய யோசிக்கிறார்கள், தெருவில் ரத்தம் சிந்தினால் ஊர் பேர் கெட்டுவிடும், ஆகவே நீங்கள் போய்விடுங்கள் என்று முடிப்பார். எந்தச் சங்கக் கூட்டத்துக்காவது ஒரு முறை போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு முன் வழக்கு

பன்னிரண்டு மணிக்குப் படம் முடியும். கேன் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். உடனே விளக்கைப் போடாதீர்கள். ஒரு நிமிடம் கழித்துச் சீட்டுகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் மேயர் சீட்டு ஓய்வு பெற்ற ஒரு வங்கி மேனேஜருக்கு விழுந்தது. பதினைந்து நிமிடம் பேசினார். கேன் வேலையை ராஜினாமா செய்தாயிற்று, அவர் ஊரில் இல்லாவிட்டால் மில்லருக்கு அங்கே வேலை என்ன, ஒரு தனி மனிதனின் பகைக்கு ஊர் ஏன் சாக வேண்டும் என்று அடுக்கினார். ஒருவராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஹெலன் சீட்டு வைத்திருந்த என் மனைவிதான், "அவன் வந்ததும் அடுத்து யார் கடைக்குள்ள நுழைவான்னு அந்த மேயருக்குத் தெரியாதா?" என்றாள். ஹெலன் மெக்சிகோக்காரி, ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறவள் அவள். ஊர் என்ன செய்யும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த கேட்டி ஹுராடோவுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது, என் மனைவி கொடுத்திருந்தால் ஆஸ்காரும் சேர்த்துக் கொடுத்திருப்பாள்.

யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: நிஜத்தில் ஊர்க்காரர்கள் இப்படியா ஒளிந்துகொண்டார்கள்? இதற்கு ஒரு பதில் கையில் வைத்திருங்கள். அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்ட் என்ற ஊர். 1876 செப்டம்பர் 7. ஜெஸ்ஸி ஜேம்ஸ் சகோதரர்களும் யங்கர் சகோதரர்களும் சேர்ந்து எட்டுப் பேர் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தார்கள். உள்ளே ஜோசப் லீ ஹேவுட் என்ற ஊழியர், பெட்டகத்துக்கு நேரப் பூட்டு இருக்கிறது, திறக்க முடியாது என்று சாதித்தார். உண்மையில் அது பூட்டியே இருக்கவில்லை. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் வெளியே இரும்புக் கடைக்காரர் ஒருவரும், எதிர் ஓட்டல் மாடி ஜன்னலிலிருந்து மருத்துவம் படிக்கும் பையன் ஒருவனும் சுட ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் கையில் கிடைத்ததை எடுத்தார்கள். சில நிமிடங்களில் கொள்ளையர் இரண்டு பேர் தெருவில் பிணம். ஜேம்ஸ் சகோதரர்கள் தப்பினார்கள். யங்கர் சகோதரர்கள் மூன்று பேரும் இரண்டு வாரத்தில் பிடிபட்டார்கள். அந்த ஊரில் இன்றும் செப்டம்பரில் அதற்கு விழா எடுக்கிறார்கள். ஆக, வெளியே வந்த ஊரும் உண்டு. இதைக் கேட்டதும் எங்கள் வங்கி மேனேஜர் ஹேவுடை நினைத்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது வரலாற்றைச் சொல்லலாம், சாதம் பரிமாறிக்கொண்டே. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1951இல் படப்பிடிப்பு நடக்கும்போதே அவரை, கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டது. கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல் என்றார்கள், மறுத்தார். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் தன்னிடம் சொன்ன சாக்குகளையே ஊர்க்காரர்கள் வாயில் வசனமாக வைத்ததாக அவர் பின்னால் சொன்னார். ஹாலிவுட்டில் வேலை கிடைக்காமல் இங்கிலாந்து போய்விட்டார். அங்கிருந்து பெயர் போடாமல் சேர்ந்து எழுதியதுதான் குவாய் நதிப் பாலம் பற்றிய படம். அதற்காக இலங்கையில் கித்துல்கலவில் பாலம் கட்டி, ரயிலோடு கவிழ்த்தார்கள். திரைக்கதைக்கான ஆஸ்கார், ஆங்கிலத்தில் எழுதவே செய்யாத மூல நாவலாசிரியர் பெயரில் போயிற்று. ஃபோர்மன் இறந்த பிறகுதான் அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது.

இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் படத்தைப் பார்க்காமல் விடுகதையைத்தான் அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் கடைசிக்கு வைத்தேன்.

கௌபாய் படங்களின் பெரிய நட்சத்திரம் ஜான் வேனுக்கு இந்தப் படம் அறவே பிடிக்காது. அமெரிக்காவுக்கே விரோதமான படம் என்று பேட்டி கொடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், 1953 ஆஸ்கார் விழாவுக்கு கூப்பர் வரவில்லை. அவருக்குப் பதிலாக மேடையேறிச் சிறந்த நடிகர் விருதை வாங்கிக்கொண்டவர் இதே ஜான் வேன்.

அடுத்த ஞாயிறு

எட்டுப் பேரும் திரும்பி வந்தால் 'ரியோ பிராவோ' போடுங்கள். 1959. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் 'ஹை நூன்' பிடிக்கவில்லை. நல்ல ஷெரிஃப் (அவரும் மார்ஷல் மாதிரிக் காவல்காரர்தான்) ஊரெல்லாம் ஓடி உதவி கேட்க மாட்டான் என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாக எடுத்த படம் இது. இதிலும் சிறைக்குள் ஒரு ரவுடி, வெளியே அவன் அண்ணனின் கூலிப்படை. ஆனால் ஷெரிஃபாக வரும் ஜான் வேன் யாரிடமும் கேட்பதில்லை. கேட்காமலே வருகிறார்கள்: குடித்தே கெட்ட பழைய துணைவன், காலை இழுத்து நடக்கும் கிழவர், மீசை முளைக்காத பையன். வலியவந்து உதவுகிறேன் என்று ஊரில் சொன்ன நண்பர் அன்றைக்கே சுடப்படுகிறார். இரண்டுக்கும் இசை அதே தியோம்கின். சீட்டு எழுதத் தேவையில்லை; இதில் ஊர்க்காரர்கள் ஏறக்குறைய கண்ணிலேயே படமாட்டார்கள்.

இதை நேரம் பார்த்துப் போட வேண்டாம். 141 நிமிடம், கலர், அவசரமே இல்லாத படம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து, நடுவில் தாராளமாக இடைவேளை விடலாம். சண்டைக்கு முன்னால் சிறைக்குள்ளேயே உட்கார்ந்து டீன் மார்ட்டினும் ரிக்கி நெல்சனும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். நம் ஆட்களுக்கு அது பழகின விஷயம்தான். பஜ்ஜியை அந்தப் பாட்டுக்குக் கொண்டு வாருங்கள். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள், வீட்டில் கேட்பதற்கு முன்னாலேயே.